கையிலுள்ள சீட்டும் கணக்கிலுள்ள உண்மையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் சம்பள நாளின் மாலைப் பொழுதுக்குப் பல முகங்கள் உண்டு. கடைக் கணக்கைத் தீர்க்கச் செல்வோர், அடகு வைத்த தோடுகளை மீட்க நகருக்கு விரைவோர், பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கென ஒரு தொகையைத் தனியாக முடிந்து வைப்போர் எனப் பலரையும் அன்று காணலாம். அதே மாலையில், லயத்தின் பின்புறத்திலோ இறப்பர் மரங்களுக்கிடையிலோ சாக்கு விரித்து வட்டமாக அமர்ந்திருக்கும் சிலரையும் காணலாம். நடுவே சீட்டுக்கட்டும் பணமும் இருக்கும். அண்மைக்காலமாக இந்த வட்டம் கையடக்கத் தொலைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. அங்கே சாக்கும் இல்லை. உடன் ஆடுபவரின் முகமும் தெரிவதில்லை.

காவத்தைப் பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்த வேளையில், உயர்தரம் வரை கற்ற இளைஞர் ஒருவர் எம்முடன் வாதிட்டார். "லொத்தர்தான் ஐயா அதிர்ஷ்டம். சீட்டு அப்படி இல்லை. இது மூளை வேலை, கணக்கு" என்பது அவரது கட்சி. அவரது கூற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. சீட்டாட்டத்தில் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதை அவரும் அறிந்திருக்கவில்லை, அவருடன் ஆடுபவர்களும் அறிந்திருக்கவில்லை. "சூது கேடு தரும்" என்று உபதேசிப்பது எளிது. அந்த இளைஞர் நம்பும் கணக்கைக் கொண்டே அவருக்குப் பதில் கூறுவதுதான் நேர்மையானது. அதற்கான முயற்சியே இக்கட்டுரை.

சீட்டின் மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு கட்டில் 52 சீட்டுகள் உள்ளன. நான்கு இனங்கள், ஒவ்வொன்றிலும் 13 சீட்டுகள். மூன்று சீட்டு ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மூன்று சீட்டுகளின் சேர்க்கைகள் மொத்தம் 22,100 ஆகும். இவற்றில் மூன்றும் ஒரே எண்ணாக அமைபவை 52 மாத்திரமே. ஒரே இனத்தில் தொடர்வரிசையாக அமைபவை 48. இனம் வேறுபட்டாலும் எண்கள் வரிசையாக அமைபவை 720. வரிசையின்றி ஒரே இனமாக அமைபவை 1,096. ஒரு சோடியைக் கொண்டவை 3,744. எஞ்சிய 16,440 சேர்க்கைகளில் எதுவுமே இல்லை. அதாவது, நூறு தடவை சீட்டுப் போட்டால் ஏறத்தாழ 74 தடவைகள் வெறுங்கைதான்.

சேர்க்கைகளின் தரவரிசை யாரோ ஒருவரின் விருப்பப்படி அமைந்ததன்று. பொதுவாக எது அரிதோ அது உயர்ந்தது என்பதே விதி. மூன்று சீட்டில் ஒரே இனத்தை விட வரிசை அரிது. ஆகவே வரிசை வெல்லும். ஐந்து சீட்டுகளைக் கொண்ட போக்கர் ஆட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. அங்கு மொத்தச் சேர்க்கைகள் 25 இலட்சத்து 98 ஆயிரத்து 960. வரிசையாக அமைபவை 10,200. ஒரே இனமாக அமைபவை 5,108. ஆகவே அங்கு ஒரே இனம் வரிசையை வெல்லும். நான்கு ஒரே எண்கள் அமைவது 4,165 தடவைகளில் ஒரு தடவை. பத்து முதல் ஆசு வரையான ஐந்தும் ஒரே இனத்தில் அமைவது 6 இலட்சத்து 49 ஆயிரத்து 740 தடவைகளில் ஒரு தடவை. திரைப்படத்தில் கதாநாயகனின் கைக்கு அது தவறாமல் வந்து சேரும். வாழ்நாள் முழுவதும் ஆடியவர்களில் பெரும்பாலானோர் அதனைக் கண்டதே இல்லை.

இவ்வாறு எண்ணும் முறை எமக்கு அந்நியமானதன்று. பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வழிகள் எத்தனை என்பதற்கான பொது விதியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கர்நாடகத்தில் வாழ்ந்த மகாவீராசாரியார் தமது 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில் தந்திருக்கிறார். அந்நூலை 1912இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் ரங்காசாரியார். ஐரோப்பாவில் 1654ஆம் ஆண்டு பஸ்கால், ஃபெர்மா என்னும் இரு கணித மேதைகள் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. இன்று காப்புறுதியும் மருத்துவ ஆய்வும் வானிலை எதிர்வுகூறலும் அக்கணிதத்தின் மீதே நிற்கின்றன. சூதாட்டம் கணிதத்துக்கு உதவியிருக்கிறது. கணிதம் சூதாடிக்கு அந்த அளவுக்கு உதவியதில்லை.

நல்ல சீட்டு, யாருக்கு எதிராக?

ஆடுபவர்கள் செய்யும் முதலாவது தவறு, கையிலுள்ள சீட்டைத் தனியாக வைத்து மதிப்பிடுவதாகும். சீட்டின் பலம் என்பது ஒப்பீட்டுப் பலமே. மூன்று சீட்டு ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டுகளின் சோடி கிடைக்கிறது என்று கொள்வோம். எதிரில் ஒருவர் மாத்திரம் இருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 76 தடவைகள் அந்தச் சோடி முன்னிற்கும். "சோடி கிடைத்தால் துணிந்து ஆடு" என்ற எண்ணம் இங்கிருந்தே பிறக்கிறது. ஆனால் எதிரில் ஐவர் இருந்தால், ஐவரையும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 25 ஆகச் சுருங்கிவிடும். சோடிகளில் உயர்ந்த ஆசுச் சோடியே கிடைத்தாலும் ஐவருக்கு எதிராக நூற்றுக்கு ஏறத்தாழ 64 தடவைகளே நிலைக்கும்.

போக்கரில் மிகப் பிரபலமான டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்திலும் இதுவே நிலை. தொடக்கத்தில் கிடைக்கும் இரு சீட்டுகளில் மிகச் சிறந்தது இரண்டு ஆசுகள். கடைசி வரை ஆடினால், ஒருவருக்கு எதிராக அது நூற்றுக்கு 85 தடவைகள் வெல்லும். மூவருக்கு எதிராக 64. ஐவருக்கு எதிராக 49. ஒன்பது பேருக்கு எதிராக 31. உலகின் மிகச் சிறந்த தொடக்கச் சீட்டுகளை வைத்திருப்பவரும், நிறைந்த மேசையில் மூன்றில் இரண்டு தடவைகளுக்கு மேல் தோற்கிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெறுங்கையுடன் இருப்பவர்கள் விலகிவிடுவார்கள். கடைசி வரை பணத்தை உயர்த்திக்கொண்டு எதிரில் நிற்பவரின் கையில் எழுந்தமானமான சீட்டு இருப்பதில்லை. பெரும்பாலும் நல்ல சீட்டே இருக்கும், அல்லது அவர் பொய்யாக மிரட்டுகிறார். ஆகவே மேலே கூறிய வீதங்களும் உண்மையில் இன்னும் குறைவாகவே இருக்கும். தன் கையைப் பார்ப்பவர் பலர். எதிரில் இருப்பவர் ஏன் இன்னும் விலகவில்லை என்று கேட்பவர் சிலரே.

வராத சீட்டுக்காகக் காத்திருத்தல்

இரண்டாவது தவறு, இன்னும் வராத சீட்டின் மீது பணத்தைக் கட்டுவது. சீட்டு மாற்றும் ஐந்து சீட்டு ஆட்டத்தில், ஒருவரின் கையில் நான்கு சீட்டுகள் ஒரே இனமாக உள்ளன. ஐந்தாவதை மாற்றி அதே இனத்தில் ஒன்று வந்தால் வெற்றி என்று கொள்வோம். அவர் கண்டிராத சீட்டுகள் 47. அவற்றுள் அவருக்கு உதவுபவை 9. சில சீட்டுகள் மற்றவர்களின் கைகளில் இருக்குமே என்று கேட்கலாம். எது யாரிடம் என்பது தெரியாத வரையில் கணக்கு மாறுவதில்லை. வாய்ப்பு 47இல் 9, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 19. இரு முனையும் திறந்த வரிசைக்காகக் காத்திருந்தால் 47இல் 8, அதாவது 17. நடுவில் விடுபட்ட ஒரே எண்ணுக்காகக் காத்திருந்தால் 47இல் 4, அதாவது எட்டரை.

இதனை மாத்திரம் அறிந்தால் போதாது. எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெற முயல்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் 400 ரூபா சேர்ந்துள்ளது. தொடர்ந்து ஆட 100 ரூபா போட வேண்டும். 100 கொடுத்து 400 பெறலாம் என்பதால் அது நல்ல பேரமாகவே தோன்றும். அதே நிலையில் 47 தடவைகள் ஆடுவதாகக் கற்பனை செய்வோம். 9 தடவைகள் வெல்லும்போது வருவது 3,600 ரூபா. 38 தடவைகள் தோற்கும்போது போவது 3,800 ரூபா. மிச்சம் 200 ரூபா நட்டம். நடுவில் 300 ரூபா மாத்திரமே இருந்தால் நட்டம் 1,100 ஆகும். 500 ரூபா இருந்தால்தான் 700 ரூபா இலாபம் கிடைக்கும். அதுவும் வந்த சீட்டு நிச்சயமாக வெல்லும் என்ற நிபந்தனையுடன்தான். சாக்கின் மீது அமர்ந்திருப்பவர்களில் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்த்த பின் பணம் போடுபவர் எத்தனை பேர்?

"ஐந்து தடவையாக வரவில்லை, இம்முறை வந்தே தீரும்" என்பது மூன்றாவது தவறு. நான்கு சீட்டுகள் ஒரே இனமாக இருந்தும் ஐந்தாவது தொடர்ச்சியாக ஐந்து முறை வராமற்போவது நூற்றுக்கு 35 வாய்ப்புள்ள சாதாரண நிகழ்ச்சி. பத்து முறை வராமற்போவதுகூட எட்டு அல்லது ஒன்பது பேரில் ஒருவருக்கு நேரக்கூடியதே. கலைத்துப் போட்ட கட்டுக்கு முந்திய ஆட்டம் நினைவில் இருப்பதில்லை. நினைவு ஆடுபவருக்கே உண்டு; அந்த நினைவே அவரை ஏமாற்றுகிறது.

கணக்கு அறிந்தவர் வெல்வாரா?

அப்படியானால் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டால் வெல்லலாமே என்று அந்த இளைஞர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. திறமை உள்ளவர் திறமை குறைந்தவரிடமிருந்து நீண்ட காலப் போக்கில் பணம் பெறுவார் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து வருவதன்று. ஐவர் தலைக்கு 2,000 ரூபா கொண்டுவந்தால் மேசையில் 10,000 ரூபா இருக்கும்; ஆட்டம் முடியும்போது அது ஒரு சதமும் கூடியிருக்காது. ஒருவர் சிரித்துக்கொண்டு எழுந்தால் இன்னொருவரின் வீட்டில் அடுப்பு எரியாது. தோட்டத்தைப் பொறுத்தவரை அந்த இன்னொருவர் பெரும்பாலும் அடுத்த காம்பிராவில் வசிப்பவர்.

ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு தொகையிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் எடுத்துக்கொண்டால், அந்த 10,000 ரூபா கைமாறிக் கைமாறி மொத்தம் 40,000 ரூபாவுக்கு ஆட்டம் நடக்கும்போது அவரது பங்கு 2,000 ரூபா ஆகிவிடும். ஒரு முழு ஆளின் பணம் எவரும் தோற்காமலே மறைந்துவிட்டது. கையடக்கத் தொலைபேசி ஆட்டங்களை நடத்துவோர் இலாபம் காண்பதும் இத்தகைய பங்கினாலேயே. அங்கு ஓய்வும் இல்லை, விடியலும் இல்லை.

பணத்தின் அளவும் முக்கியமானது. இரு தரப்புக்கும் முற்றிலும் சமமான வாய்ப்புள்ள ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் 2,000 ரூபாவும் எதிர்த்தரப்பிடம் 18,000 ரூபாவும் இருக்கின்றன. ஒருவரின் கை முற்றாகக் காலியாகும் வரை ஆடினால், சிறிய தொகைக்காரர் அழிவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்பது. ஆட்டத்தில் எந்த மோசடியும் இல்லை. வறியவரால் தோல்விகளைத் தாங்கி நிற்க இயலாது என்பது மாத்திரமே காரணம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டிலேயே 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அந்த உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டங்களை எமது வாசகர்கள் அறிவார்கள். நாளொன்றுக்கு 400 ரூபா உயர்வு பெறப் பட்ட பாட்டையும், ஒரே சீட்டுக்காக 400 ரூபாவை இழக்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

லொத்தரும் மாணிக்கக் குழியும்

லொத்தர் சீட்டு அதிர்ஷ்டம்தான் என்று அந்த இளைஞர் ஒப்புக்கொண்டார். அதன் அளவையும் அறிவது நன்று. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் அப்படியே பொருந்த வேண்டும் என்றால், சாத்தியமான சேர்க்கைகள் இரண்டு கோடியே அறுபது இலட்சம். நாளுக்கு ஒரு சீட்டு வீதம் வாங்கினால், 71,000 ஆண்டுகளில் சராசரியாக ஒரு தடவை பெரும் பரிசு விழும். லொத்தர் வருமானத்தின் ஒரு பகுதி மஹாபொல புலமைப்பரிசில் போன்ற நற்பணிகளுக்குச் செல்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் அந்த நற்பணிக்கான பணத்தை நம்பிக்கை இழந்த வறியவர் தமது சட்டைப்பையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பது சிந்தனைக்குரியது.

இரத்தினபுரி மண்ணில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சூதும் தெரியும். மாணிக்கக் குழியில் இறங்கி, நீர் இறைத்து, சரளை மண்ணைக் கூடையில் அரித்து, கல் கிடைத்தால் பங்கு, கிடைக்காவிட்டால் சாப்பாட்டுடன் சரி என்று உழைப்பவர்கள் பலர். 2021ஆம் ஆண்டு இரத்தினபுரியில் வீடொன்றின் பின்புறத்தில் கிணறு தோண்டியபோது 510 கிலோகிராம் நிறையுள்ள நீலக்கல் தொகுதி கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியது. வெறுமையாக மூடப்பட்ட குழிகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை; இதில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் குழிக்கும் சீட்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. குழியிலிருந்து எடுக்கப்படும் கல் நாட்டுக்குப் புதிய செல்வம். வெட்டுபவர், மெருகூட்டுபவர், விற்பவர் எனப் பலருக்குச் சோறு போடுகிறது. அத்தொழிலில் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ள முஸ்லிம் வர்த்தகர்கள் இதனை நன்கறிவர். சீட்டு எதனையும் உருவாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது.

சமயமும் சட்டமும்

எமது சமயங்கள் இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 'மைஸிர்' எனப்படும் சூதாட்டத்தை மதுவுடன் சேர்த்து விலக்குகிறது. அதனால் மனிதரிடையே பகைமை விளையும் என்பதையே காரணமாகவும் காட்டுகிறது. திருக்குறளின் 94ஆவது அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியதே. தருமரின் கதை தெருக்கூத்திலும் காமன்கூத்து மேடையருகிலும் கேட்டு வளர்ந்த தோட்டச் சமூகத்துக்கு இதனை நாம் எடுத்துக்கூறத் தேவையில்லை. நளன் கதையில் மற்றொரு பாடமும் இருக்கிறது. சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னனிடம் எண்ணும் கலையைக் கற்ற பின்னரே அதனை மீட்கிறான். கணக்குத் தெரியாமல் ஆடியவன் தோற்றான் என்பதை அக்காலக் கதாசிரியரும் அறிந்திருந்தார். ஆனால் நளனுக்கு ஒரு இருதுபன்னன் கிடைத்தான், எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

சட்டத்தின் பாதை இவ்வளவு நேரானதன்று. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடச் சூதாட்டத்தைக் குற்றமாக்கியது. 2010இல் கசினோ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் சூதாட்ட ஒழுங்குபடுத்தலுக்கென அதிகாரசபையொன்றை அமைக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2022இல் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கு அத்தடை பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. "இது மூளை வேலை" என்ற எமது இளைஞரின் வாதம் உயர் நீதிமன்றம் வரை சென்று வென்ற வாதமே. அந்த வெற்றி, தோற்றவர்களின் குடும்பங்களுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை என்பதுதான் துயரம்.

பொலிஸ் சுற்றிவளைப்பினால் மாத்திரம் இதனைத் தடுக்க இயலாது. சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுபவர் மறுநாள் வேறிடத்தில் விரிப்பார். பாடசாலையில் நிகழ்தகவுப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாணயத்தையும் பகடையையும் மாத்திரம் உதாரணம் காட்டாது, 47இல் 9 என்ற கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கோவில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் சம்பள வாரத்தின் மாலைகளில் இளைஞர்களுக்கு விளையாட்டு மைதானத்தையேனும் வாசிகசாலையையேனும் திறந்து வைக்கலாம். வெறுமையான மாலைப் பொழுதுதான் சீட்டாட்டத்தின் முதலாவது முதலீடு.

சீட்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் மற்றொரு பொருளும் உண்டு. நம்பகமான பத்துப் பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபா வீதம் கட்டினால், பத்து மாதங்களுக்குள் ஒவ்வொருவரின் கைக்கும் ஒரு தடவை 50,000 ரூபா வந்து சேரும். அதில் பத்துப் பேருக்கும் முறை வரும்; எவரும் எவரையும் மிரட்ட வேண்டியதில்லை. அந்தச் சீட்டைப் பெரும்பாலும் பிடித்து நடத்துபவர்கள் எமது தோட்டத்துப் பெண்களே. கணக்கில் நம்பிக்கை வைத்திருக்கும் இளைஞர்கள், சம்பள நாளன்று தமது தாயார் எந்தச் சீட்டுக்குப் பணம் ஒதுக்குகிறார் என்பதையும் சற்றுப் பார்க்கட்டும்.